கேரியரில் உட்கார்ந்தவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது, ஊர் திருமங்கலம். பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு வருடமாக மதுரையில் ஒரு சிறிய சபைக்குப் போகிறேன். வேதத்தை முழுதாக வாசித்ததே அங்கே போன பிறகுதான். இரட்சிப்பு முழுக்க தேவனுடைய செயல், அவர் முன்குறித்தவர்களுக்கு மட்டுமே அது, மனிதனுடைய சித்தத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்று ரோமர் 9-ஐ வைத்து விளக்கினார்கள். அப்படியானால் நான் எதைத் தீர்மானிக்க வேண்டும், எதற்காக ஜெபிக்க வேண்டும்? எல்லாம் கிருபை என்ற அகஸ்டினா, மனிதனால் முடியும் என்ற பெலாகியுஸா, எல்லாம் தேவனுடைய முன்குறிப்பு என்ற கால்வினா, மனிதன் சம்மதிக்கவும் வேண்டும் என்ற அர்மினியஸா, நீங்கள் எந்தப் பக்கம்? வைணவத்தின் குரங்குக்குட்டி (தாயைத் தானே பற்றிக்கொள்வது), பூனைக்குட்டி (தாயே கவ்விக்கொண்டு போவது) வாதத்தோடு ஒப்பிட்டும் எழுதினால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்குப் போகிறார். 'உன் ஜெபமாலையும் நேர்த்திக்கடனும் வெறும் கிரியைகள், கிரியையால் யாரும் இரட்சிக்கப்பட முடியாது' என்று அவரிடம் சொன்னேன். ஒரு மாதமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சத்தியத்தைச் சொன்னது தவறா அக்கா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த வாரம் நான் மாற்கு இரண்டாம் அதிகாரத்தை விட்டு நகர முடியாமல் இருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உன் அம்மா.

தவறுதான். சொன்ன விதமும் தவறு, சொன்ன விஷயமும் தவறு. ஜெபமாலையை நீ சின்ன வயதில் எத்தனை தடவை சொல்லியிருப்பாய், அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது யோசித்தாயா? ஒரு ஜெபமாலையில் 53 முறை 'அருள் நிறைந்த மரியே வாழ்க' வருகிறது. நம் புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் லூக்கா முதல் அதிகாரத்தைத் திற, அதே வாழ்த்து 'கிருபை பெற்றவளே, வாழ்க' என்று இருக்கும். நீ சபையில் கைதட்டிப் பாடுகிற கிருபைதான் உன் அம்மா விரலில் உருட்டுகிற அருள். அந்த அம்மாவிடம் போய் உனக்குக் கிருபை தெரியாது என்கிறாய்.

கிரியையால்தான் மீட்பு என்று கத்தோலிக்கச் சபை போதிக்கிறது என்று உனக்குச் சொன்னவர்கள் திரெந்துப் பொதுச்சங்கத்தின் தீர்மானத்தைப் பார்க்கவில்லை. 1547-ல், லூத்தரை எதிர்த்து எழுதிய அந்தத் தீர்மானத்திலேயே, கிருபை இல்லாமல் தன் கிரியையால் மனிதன் நீதிமானாக முடியும் என்று சொல்பவன் சபைக்குப் புறம்பானவன் என்பதுதான் முதல் விதி. அப்புறம் 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் சபைகளும் வத்திக்கானும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்கிறார் என்று இரண்டு தரப்பும் அதில் ஒப்புக்கொண்டன. மிச்சச் சண்டைகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் 450 வருடம் அடித்துக்கொண்டு ஒருவழியாக முடித்த சண்டையை நீ திருமங்கலத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் மறுபடி தொடங்கியிருக்கிறாய்.

ரோமர் 9 படித்தேன் என்கிறாய். அது எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தாயா? களிமண் குயவனைக் கேள்வி கேட்கலாமா என்ற உவமை பின்னால்தான் வருகிறது. தன் இனத்து ஜனங்களை நினைத்து இடைவிடாத மனவேதனையோடு, அவர்களுக்காக நான் சபிக்கப்பட்டாலும் சரி என்கிறார் பவுல், அதிகாரத்தின் வாசலிலேயே. அழுதுகொண்டு எழுதியதை நீ அம்மாமேல் வீசியிருக்கிறாய். ஒன்பதில் நிறுத்தவும் கூடாது. 11-ம் அதிகாரக் கடைசியில், எல்லார் மேலும் இரக்கமாயிருப்பதற்காகத்தான் தேவன் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்தார் என்று வரும்வரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

சரி, திட்டியது போதும்.

குரங்குக்குட்டி, பூனைக்குட்டியை விட்டுவிடு. வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலை தென்கலை வாதம் அதன் இடத்தில் பெரிய விஷயம். பிரபத்தி, அதாவது சரணாகதி, என்றால் என்ன என்று உட்கார்ந்து படிக்காமல் இரண்டு குட்டிகளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து நம் வாதத்துக்கு ஒட்டுப்போடுவது அவர்களுக்கும் மரியாதை இல்லை, நமக்கும் உதவாது. கால்வினா அர்மினியஸா என்பதையும் இப்போதைக்கு ஒதுக்கி வை. 1618-ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரத்தில் சபைச் சங்கம் இந்த வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடியபோது அர்மினியஸ் செத்து ஒன்பது வருடம். அந்தத் தீர்ப்போடு வாதம் முடிந்துவிடவும் இல்லை, பிறகு அர்மினியஸ் பக்கம் நின்ற வெஸ்லி வந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நம் ஊர் சம்பந்தப்பட்டது. கிருபைக்கும் சுயசித்தத்துக்கும் எப்படிப் பொருத்தம் என்று கத்தோலிக்கத் துறவிகளான சேசு சபையாரும் தொமினிக்கன் சபையாரும் ரோமாபுரியில் போப்பின் முன்னால் வருடக்கணக்காக வாதாடினார்கள். 1607-ல் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் பேதகர், அதாவது தவறான போதனைக்காரர், என்று அழைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி முடித்துவைத்தார். அதற்கு முந்தைய வருடம்தான் ரோமாபுரியில் படித்த ஒரு சேசு சபை இளைஞர் மதுரைக்கு வந்து சேர்ந்திருந்தார். ராபர்ட் தெ நொபிலி. வாதம் அங்கே தீர்ப்பில்லாமல் அடங்கிய நேரத்தில் இவர் இங்கே தமிழ் படித்துக்கொண்டிருந்தார். பிற்பாடு கிருபையைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட தமிழ்ச் சொற்களில் ஒன்று அருள். இந்த மண்ணில் அவருக்கு முன்னாலேயே சைவரும் வைணவரும் நூற்றாண்டுகளாகப் பாடிப் பழகிய சொல். உன் அம்மா வாயில் இருப்பது அதுதான்.

இப்போது அகஸ்டினும் பெலாகியுஸும். இதை நான் சுலபமாக விடமாட்டேன், ஏனென்றால் இந்த இரண்டு பேரையும் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்பா மில் தொழிலாளி. ஆரப்பாளையத்தில் வாடகை வீடு. எண்பதுகளின் தொடக்கம், சாராயக்கடைகள் திறந்திருந்த காலம். மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவில் மூன்று கடை. அப்பா கெட்டவர் இல்லை, குடித்துவிட்டு யாரையும் அடித்ததில்லை, ஆனால் சம்பளத்தன்று வீட்டுக்கு வருவது சட்டை மட்டும்தான், பையில் ஒன்றும் இருக்காது. அம்மா அவரைக் கன்வென்ஷன் கூட்டங்களுக்கெல்லாம் கூட்டிப்போவாள். மூன்று வருடம், மூன்று கூட்டம். மூன்றிலும் அப்பா கை தூக்கினார், முன்னால் போய் முழங்கால் போட்டார், அழுதார். அது நடிப்பில்லை தம்பி, பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும், அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பத்து நாள், இருபது நாள். மூன்றாவது முறை தவறிய பிறகு பிரசங்கியார் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து, மனுஷனை உட்காரவைத்து, பிள்ளைகள் எங்கள் முன்னாலேயே, 'நீங்க முழு மனசோட தீர்மானம் எடுக்கலை, எடுத்திருந்தா ஆண்டவர் விட்டிருக்க மாட்டார்' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. குடிக்கவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வாக்கியம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாற்பது வருடமாக நான் சண்டை போடுவது அந்த ஒரு வாக்கியத்தோடுதான். பெலாகியுஸ் வில்லன் இல்லை, பிரிட்டனிலிருந்து ரோமாபுரிக்கு வந்த ஒழுக்கமான துறவி. அங்கே கிறிஸ்தவர்கள் பாவத்தில் சொகுசாக வாழ்வதைப் பார்த்துப் பதறினார். 'நீர் கட்டளையிடுவதை நீரே தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும்' என்ற அகஸ்டினுடைய ஜெபத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். தேவன் கட்டளையிட்டால் மனிதனால் செய்ய முடியும், செய்யாதது அவன் சோம்பல் என்பது அவர் கட்சி. 418-ல் கார்த்தேஜ் சங்கம் அதைத் தள்ளியது. தள்ளியது சரிதான். பலமுள்ளவனுக்கு அது நல்ல போதனையாகத் தெரியும். விழுந்து கிடப்பவன் காதில் போய் அதைச் சொன்னால் எங்கள் அப்பா மாதிரிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். அகஸ்டினுக்கு அது தெரிந்திருந்தது, 'கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்' என்று வாலிபத்தில் ஜெபித்த ஆள் அவர். எங்கள் அப்பா தினமும் சொன்ன 'நாளையிலிருந்து' அதுதான்.

பெலாகியுஸின் பேரப்பிள்ளைகள் நம் சபைகளில் நிறைய இருக்கிறார்கள். உதட்டில் கிருபை, கிருபை என்பார்கள். ஒருவன் தவறிவிட்டால் உடனே அவன் தீர்மானத்தைத் தராசில் வைப்பார்கள். விசுவாசம் குறைவு, ஒப்புக்கொடுத்தது போதாது, மனசு இரண்டாக இருந்தது. யாருக்குத்தான் மனசு ஒன்றாக இருந்திருக்கிறது? 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லையே, பிள்ளையைச் சுகமாக்கித்தானே கொடுத்தார்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். மில்லில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் நான்கு பேர். ஒருவர் எங்கள் உபதேசியாரின் மகன். ஒருவர் முனிச்சாலைப் பக்கத்து சௌராஷ்டிரர். ஒருவர் கோரிப்பாளையத்து பாய். நான்காமவர் யூனியன்காரர், கோயிலோ சர்ச்சோ எதற்கும் போகாதவர். அவர்களாகவே பேசி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒருநாள் அப்பாவை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது, ஏற்றிக்கொண்டு வருவது. கடைகள் இருக்கிற வழியில் வராமல் வைகைக் கரையோரமாகச் சுற்றி வருவார்கள். சம்பளத்தன்று நான்கு பேரும் சேர்ந்து வந்து, கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். தெருமுனையில் நின்று நான் பார்ப்பேன். அப்பா புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். கேரியரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பார். கை நடுங்குகிற நடுக்கத்தில் அந்த ஸ்பிரிங் கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும். சைக்கிள் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் போடும்.

ஒருநாள் பாலத்துக்குப் பக்கத்தில் குதித்து இறங்கி ஓடிவிட்டார். பாய் முறை அன்றைக்கு. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பின்னாலேயே போய், கடைக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்து, வந்த ஆளை மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். திட்டவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு எங்கள் வாசலில் வழக்கம்போல மணி அடித்தது, உபதேசியார் மகன் முறை. இப்படி இரண்டு வருடத்துக்கு மேல். எந்த நாளில் குடி நின்றது என்று அப்பாவுக்கே தெரியாது.

வருடக் கடைசி ஆராதனையில் அப்பாவைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள். 'நான் ஒண்ணும் செய்யலை, கேரியர்ல உட்கார்ந்திருந்தேன், மிதிச்சது அவங்க' என்றார். உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அதனால்தான் மாற்கு இரண்டு. திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அந்த மனிதன் விசுவாசித்தானா, தீர்மானம் எடுத்தானா, வரவே விரும்பினானா, மாற்கு எதுவும் எழுதவில்லை. இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' அவனிடம் பேசுகிறார். அவர்கள்! நாமோ கிருபையா சுயசித்தமா என்று கேட்கும்போது தேவனையும் தனி மனிதனையும் மட்டும் ஒரு அறையில் உட்காரவைத்துப் பங்கு பிரிக்கிறோம், உமக்கு இவ்வளவு எனக்கு இவ்வளவு என்று. கட்டிலைப் பிடித்த நாலு பேரை எந்தக் கணக்கிலும் காணோம்.

அப்பா செய்தது ஒன்றும் இல்லையா? உட்கார்ந்தாரே. இறங்கி ஓட முடியும் என்று ஒருநாள் ஓடியே காட்டிய மனிதன் மற்ற நாளெல்லாம் அந்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவர் சித்தம்தான், அதை யாரும் அவருக்காகச் செய்யவில்லை. ஆனால் அந்த மனசு எப்போது வந்தது? வாசலில் மணி அடித்த பிறகு வந்தது. கன்வென்ஷன் பந்தலில் மூன்று முறை தானாகத் திரட்டிப் பார்த்து வராத மனசு. விசுவாசத்தின் தொடக்கமும், அதை விரும்புகிற விருப்பமும்கூடக் கிருபையின் வேலை என்று 529-ல் பிரான்சின் ஆரஞ்சு நகரத்தில் கூடிய சபைச் சங்கம் சொன்னதை நான் அந்த மணிச்சத்தத்தை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். தேவன் சிலரைத் தீமைக்கென்றே முன்குறித்தார் என்று சொல்பவர்களையும் அதே சங்கம் கடுமையாகத் தள்ளியது, உன் சபைக்காரர்களிடம் அதையும் கேட்டுப் பார். நான் எந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கம். கிருபைதான் முதலில், எப்போதும். நம் சித்தம் அது வந்து எழுப்பியபின் எழுந்திருப்பது.

லூத்தர் 1525-ல், சுயசித்தத்தை ஆதரித்து எழுதிய எராஸ்முஸுக்கு எழுதிய பதிலில், மனித சித்தம் ஒரு சுமை விலங்கு, தேவன் ஏறினால் தேவன் சொல்லும் இடத்துக்குப் போகும், சாத்தான் ஏறினால் சாத்தான் சொல்லும் இடத்துக்குப் போகும் என்றார். அப்பாவின் கால்கள் கடையைப் பார்த்து நடந்ததைக் கண்ட எனக்கு அந்தப் பின்பாதியை மறுக்க முடியவில்லை. முன்பாதியோடு எனக்குச் சண்டை உண்டு. அப்பாமேல் யாரும் ஏறி ஓட்டவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு மிதித்தார்கள்.

நீ கேட்டதில் பாதிக்கு நான் பதில் எழுதவில்லை என்று தெரிகிறது. எதற்காக ஜெபிப்பது என்று கேட்டிருந்தாயே, பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் சேர்த்து வாசி, தனித்தனியாக வாசிக்காதே. நீங்கள் பிரயாசப்படுங்கள் என்கிறது ஒன்று, தேவனே உங்களுக்குள் செய்கிறார் என்கிறது மற்றது. அங்கிருந்து இன்னொரு கடிதம் எழுது.

அம்மா வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போகிறார் என்று எழுதியிருக்கிறாய். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்த நெரிசலில் அடுத்த பஸ் பிடித்து. சபைக்கு நீ பைக்கில்தான் வந்துபோவாய் என்று நினைக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போ. வழியில் ரோமர் 9 பேசாதே. ஜெபமாலை முடியும்வரை வெளியே நிழலில் காத்திரு, அவசரப்படுத்தாதே, முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விடு.

அன்புடன்,
அக்கா