விடுதலையான பிறகும் வேலை இல்லையா?

அன்புள்ள ஐயா,

லண்டனில் ஒரு கடையில் ஒன்பது ஆண்டுகள் காசாளராக இருந்த என் மைத்துனர், கல்லாவில் கை வைத்ததாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். திருட்டு வழக்கும் போட்டார்கள். பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரௌன் நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஜூரிகளும் அவரை விடுவித்தார்கள். அதே பாரிஸ்டர்தான் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்திலும் வாதாடினார், அங்கே தோற்றுவிட்டோம். திருடவில்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னதை இன்னொன்று எப்படி மறுக்கலாம்? கிரிமினல், சிவில், வேலைவாய்ப்பு என்று மூன்றிலும் கால் வைத்திருப்பவர் எதிலும் தேறாதவரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

தீர்ப்பாயம் உங்கள் மைத்துனரைத் திருடர் என்று சொல்லியிருக்காது. அந்தக் கேள்விக்குள் அது போகவே வேண்டியதில்லை.

கிரௌன் நீதிமன்றத்தில் கேட்டது, இவர் எடுத்தாரா என்று. எடுத்தார் என்பது உறுதியாகத் தெரிந்தால் ஒழியக் குற்றவாளி என்று சொல்லக்கூடாது என்றுதான் நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துச் சொல்வார். தீர்ப்பாயத்தில் கூண்டில் நிற்பது போன்ற நிலை மேலாளருக்குத்தான். 1978இல் பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: மெய்யாகவே நம்பினாரா, நம்பத் தக்க ஆதாரம் இருந்ததா, போதிய அளவு விசாரித்தாரா. நீக்கிய நாளில் மேலாளருக்கு என்ன தெரியும் என்பதே கணக்கு. பிற்பாடு வந்த விடுதலை அந்தக் கணக்கில் சேராது. எனக்கும் இது கசக்கத்தான் செய்கிறது.

சில ஆண்டுகள் அங்கே நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். இதேபோன்ற இரட்டை வழக்கு ஒன்று. குதிரைமயிர் விக், கழுத்தில் வெள்ளைப் பட்டி, இளஞ்சிவப்பு நாடாவால் கட்டிய காகிதக் கட்டு என்று கிரௌன் நீதிமன்றத்தில் நின்ற அதே பாரிஸ்டர், தீர்ப்பாயத்தில் சாதாரண கோட்டோடு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் இடத்தில் அவர் துருவியது, கல்லாச் சாவி அன்று எத்தனை பேரிடம் இருந்தது என்பதை. இங்கே மேலாளரிடம் கேட்டார்: "கேமரா பதிவைப் பார்த்தீர்களா?" "பாதுகாப்புப் பிரிவின் குறிப்பைப் படித்தேன்." "பதிவைப் பார்த்தீர்களா?" "இல்லை." அவ்வளவுதான், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் இருந்த அம்மா, வேலை இழந்த கட்சிக்காரர், காதோடு கேட்டார்: "நான் எடுக்கவில்லை என்று ஏன் சொல்லமாட்டேன் என்கிறார்?" மேலாளரின் அந்த "இல்லை"யால்தான் அந்த அம்மா ஜெயித்தார். உங்கள் மைத்துனரின் மேலாளர் பதிவைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

மூன்றிலும் கால் வைப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். கல்லாவில் ஒரு முறை காசு குறைந்தால் மூன்று சட்டங்களும் எழுந்து வருகின்றன. அதில் சிவில் பக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் நீக்கியது ஒப்பந்த மீறல் என்று தனியாகக் கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு வாரம் என்ற குறைந்தபட்ச விதிப்படி அவருக்கு ஒன்பது வாரச் சம்பளம் வரும். அங்கே மேலாளரின் நம்பிக்கை செல்லாது. பெரிய முறைகேடு உண்மையில் நடந்ததா என்பதைத் தீர்ப்பாயமே முடிவு செய்ய வேண்டும். நிரூபிப்பது முதலாளியின் பாடு. அநியாய நீக்கத்தில் தோற்றவர் இதில் ஜெயிப்பதுண்டு.

சிவில் வழக்குகளைக் கேட்கும் கவுண்டி நீதிமன்றத்தில் இதற்கு 6 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால், முதல் வழக்கிலேயே கேட்டிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு மறிக்கும். அந்த மறிப்பு லேசானது அல்ல. மேல்முறையீடு என்றால் 42 நாள்தான், அதுவும் சட்டப் பிழைக்கு மட்டும்.

ஆகவே பாரிஸ்டரைத் திட்டுவதற்கு முன், தீர்ப்பாயத்துக்கு அனுப்பிய முதல் படிவத்தைத் தேடி எடுங்கள். முன்னறிவிப்புச் சம்பளம் பாக்கி என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல வழக்குகளில் அந்தப் படிவத்தை, பாரிஸ்டர் வருவதற்கு வெகு முன்பே, வீட்டில் யாரோ அவசரத்தில் நிரப்பி அனுப்பியிருப்பார்கள்.