குழப்பமான விளையாட்டுத் தலைப்பைக் கண்டதும் வாசகர்கள் ஏன் ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள்?

'பயிற்சியாளர் தாக்கிய வீரர் நீக்கம்' என்று ஒரு தலைப்பு வருகிறது என வைத்துக்கொள்வோம். யார் யாரைத் தாக்கினார்? 'பயிற்சியாளரை' என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. இடம் மிச்சப்படுத்த 'ஐ' உருபை விட்டதில் அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறிவிட்டார்கள்.

இது இணையத்தோடு வந்த சிக்கல் அன்று. 'புலி கொல் யானை' என்ற தொடரை இலக்கண உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் இதைத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்கிறது. அடுத்து வரும் சொல்லைக் கொண்டு தெளியலாம் என்றும் வழி காட்டுகிறது. 'யானை ஓடுகிறது' என்று தொடர்ந்தால், செத்தது புலி.

கைப்பேசித் திரையில் அந்த அடுத்த சொல் கண்ணில் படுவதில்லை. தலைப்பு மட்டும் தனியாக நிற்கிறது. சிலர் இரண்டாம் முறை படிக்கிறார்கள், சிலர் செய்தியைத் திறக்கிறார்கள். மற்றவர்கள் மனச்சாய்வைக் கொண்டு இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார்கள். வீரரின் ரசிகருக்கு அவர் அடிபட்டவர். பிடிக்காதவருக்கு அவரே அடித்தவர். பிறகு நடப்பது, படிக்காத செய்தியைப் பற்றிய சண்டை. இதில் வாசகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் உருபைச் சேர்க்க எத்தனை நொடி ஆகும்? அது விடுபட்டதால் அடிபட்ட ஒருவர் நாள் முழுக்க வசை வாங்க நேர்கிறதே!