வெயிலில் பாடும் பேண்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அரங்குக்குள் நெஞ்சை அதிர வைத்த அதே பேண்ட், பகலில் திறந்த மைதானத்தில் வாசித்தபோது சத்தம் மெலிந்து, பின்வரிசைக்கு விட்டு விட்டு வந்தது. சரியாக வாசிக்கவில்லையா?

பதில்: தயவுசெய்து அவர்கள் மேல் பழி போடாதீர்கள். அரங்கில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால்தான் இசை நம்மைச் சூழ்ந்து நிற்பது போல இருக்கிறது. மைதானத்தில் அந்த உதவி கிடையாது. ஒரு ஸ்பீக்கரிடமிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) குறைந்துவிடும். அப்புறம் வெயில். தரை சூடாகி அதை ஒட்டிய காற்றும் சூடாகிறது, மேலே இருக்கும் காற்று அந்த அளவு சூடாவதில்லை. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பதால் அலை மேல்நோக்கி வளைந்து, பின்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. தெளிந்த இரவில் தரை குளிர்ந்ததும் இது தலைகீழாகும், ஒலி கீழே வளைந்து வெகுதூரம் கேட்கும். விட்டு விட்டுக் கேட்டதற்குக் காரணம் பெரும்பாலும் அப்போது வீசிய காற்றுதான்.

ஸ்பீக்கர்களை உயரத்தில் தொங்கவிட்டுக் கீழ்நோக்கிச் சாய்ப்பதும், பெரிய மைதானங்களில் நடுவில் இன்னொரு வரிசை ஸ்பீக்கர் வைப்பதும் இதையெல்லாம் சமாளிக்கத்தான். மேடையிலிருந்து 34 மீட்டர் வர ஒலிக்கு ஏறக்குறைய 0.1 விநாடி ஆகும், அந்த நேரத்தைக் கணக்கிட்டு நடு ஸ்பீக்கர்களைத் தாமதமாக ஒலிக்க விடுவார்கள், இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். அடுத்த முறை மிக்ஸர் (எல்லா ஒலிகளையும் கலந்து சரிசெய்யும் கருவி) வைத்திருக்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், அவருக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்கும்.

கேள்வி: கிட்டார் வாசிப்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் டியூன் செய்துகொண்டே இருந்தார். முன்பே செய்துவிட்டு வரக்கூடாதா?

பதில்: செய்துவிட்டுத்தான் வந்திருப்பார். வெயில் பட்டால் கம்பி நீண்டு தளர்ந்து சுருதி இறங்கும், மேகம் மறைத்தால் திரும்ப ஏறும். டிரம்பெட், புல்லாங்குழலில் கதையே வேறு: குழலுக்குள் காற்று சூடானால் சுருதி ஏறும். கீபோர்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்று இறங்க, ஒன்று ஏற, இன்னொன்று அசையாமல் நிற்க, இத்தனையையும் ஒரே சுருதியில் பிடித்து வைத்திருக்கிறார்களே, அந்தக் காதுகளுக்கே தனியாகக் கைதட்டலாம்!

கேள்வி: வண்ண விளக்குகள் இல்லாத பகல் கச்சேரி களைகட்டுமா?

பதில்: தாராளமாக. 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் கச்சேரியில் குயீன் என்ற ராக் குழு மேடையேறியபோது நல்ல வெளிச்சம். சுமார் 20 நிமிடம்தான் வாசித்தார்கள், அவர்களுடைய பாடகர் ஃபிரெடி மெர்குரி குரலால் மட்டுமே மொத்தக் கூட்டத்தையும் தன்னோடு பாட வைத்தார். இருட்டில் பாடகருக்கு முன்வரிசை தாண்டி யாரும் தெரிவதில்லை. பகலில் கடைசி ஆள் கை தூக்குவது வரை தெரியும், யார் சோர்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும், அதைப் பார்த்து அடுத்த பாட்டையே மாற்றுகிற குழுக்கள் உண்டு. எனக்குப் பகல் கச்சேரிதான் பிடிக்கும்.