அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்தக் குவார்ட்டர்பேக்கை இறக்குவது என்று ரசிகர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்? முடிவெடுக்கத்தான் கோச் இருக்கிறாரே?

கோச் இருக்கிறாரே என்று கேட்பதிலேயே தெரிகிறது, நீங்கள் இங்கே வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழக ஊரில் வேலை கிடைத்திருக்கும். திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் யாரோ இரண்டு பையன்களின் பெயரை வைத்து எல்லோரும் மல்லுக்கு நிற்கிறார்கள், நீங்கள் மட்டும் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். அப்புறம் அவர்களைவிடச் சத்தமாகக் கத்த ஆரம்பித்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஆட்டத்தை ஆடியவள் இல்லை, ஆடப்போகிறவளும் இல்லை. "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு", "கிரிக்கெட் பார்க்கலாமே" என்று எழுதக் கை துறுதுறுக்கிறவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம். கிரிக்கெட்டும் பார்க்கிறேன். இது ஒஹாயோவின் கொலம்பஸில் குடியிருக்கும் ஒருத்தியின் பதில். என்.எஃப்.எல். என்ற பெரிய தொழில்முறை லீக்கின் அணி இந்த ஊரில் கிடையாது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிதான் ஊருக்கே அணி. குதிரை லாடம் மாதிரி வளைந்த அவர்களுடைய ஸ்டேடியத்தில் சனிக்கிழமை லட்சம் பேர் உட்காருகிறார்கள். பரம எதிரியான மிச்சிகனோடு மோதும் வாரத்தில் வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊர்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான். குவார்ட்டர்பேக் இடம் ஒன்றே ஒன்று. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் சொதப்பினால் அடுத்தவன் வருவான். இங்கே கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், கொடுப்பதா எறிவதா ஓடுவதா என்று அவன்தான் முடிவெடுக்க வேண்டும். சீசனுக்கு ஆட்டம் பன்னிரண்டு. நான் சொல்லப்போகும் காலத்தில் நாலே நாலு அணிகள்தான் தேசியக் கோப்பைக்கான பிளேஆஃபுக்குப் போகும், ஒரு சனிக்கிழமை சறுக்கினால் அந்த வருடமே போச்சு. பயிற்சி நடப்பதோ பூட்டிய கதவுக்குள். யார் நன்றாக எறிகிறான், யார் தப்பாக முடிவெடுக்கிறான் என்று கோச் தினமும் பார்க்கிறார், நமக்குச் சனிக்கிழமை மட்டும்தான் தெரியும். தெரியாத மிச்சத்தை ஆளாளுக்குத் தங்கள் அனுபவத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறோம். அதுவும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறவன் தோற்பதே இல்லை, அதனால் அவன்மேல் எப்போதும் ஒரு ஆசை.

இனி 2015க்கு வருகிறேன். அந்த வருடத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு சாக்குக் கிடைத்ததே என்றுதான் இந்தக் கேள்வியைத் திறந்தேன்.

2014 சீசன் தொடங்கும் முன்பே, ஆகஸ்டில், முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோள்பட்டை போய்விட்டது. சாதாரண ஆள் இல்லை, பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டணியின் போட்டிகளில் இரண்டு வருடம் தொடர்ந்து சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். அவர் இடத்துக்கு டெக்சாஸிலிருந்து வந்த ஜே.டி. பாரெட். இரண்டாவது ஆட்டத்திலேயே வர்ஜீனியா டெக்கிடம் தோற்றார்கள், அவ்வளவுதான் என்று ஊரே தலையில் கைவைத்தது. அதற்கப்புறம் அந்தப் பையன் எறிந்தும் ஓடியும் சீசனில் மொத்தம் 45 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). நவம்பர் கடைசியில் மிச்சிகனோடு ஆடும்போது அவன் கணுக்கால் முறிந்தது. அடுத்து மூன்றாமவன், கார்டேல் ஜோன்ஸ். கிளீவ்லேண்ட் பையன், ஆறடி ஐந்து அங்குலம், 250 பவுண்டு. 2012இல், ஃபுட்பால் ஆட வந்தவனுக்கு வகுப்பு எதற்கு என்று ட்விட்டரில் எழுதி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். முதல்முறையாக ஆரம்பத்திலேயே இறக்கப்பட்ட ஆட்டம் விஸ்கான்சினுக்கு எதிரான பிக் டென் இறுதி, 59-0. அடுத்து பிளேஆஃபில், முதலிடத்தில் இருந்த அலபாமா, 42-35. அதற்கடுத்து 2015 ஜனவரி 12, ஆரிகனோடு தேசிய இறுதி, 42-20. எதிரே ஆடிய மார்கஸ் மரியோட்டா அந்த வருடத்தின் ஹைஸ்மன், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது, வாங்கியவர். மூன்று ஆட்டத்தில் கோப்பை.

சரி, அடுத்த சீசனுக்கு மூன்று பேரும் திரும்பி வந்தால்?

அந்தக் கோடையில் எங்கள் அலுவலகச் சாப்பாட்டறையில் வேறு பேச்சே இல்லை. எதிர் மேசையில் ஒரு பெரியவர், டேட்டாபேஸ் பார்க்கிறவர், இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். அவர் பாரெட் கட்சி. நான் கார்டேல் கட்சி. என் வாதம் எளிமையானது: ஜெயித்தவனை உட்காரவைக்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை அவன் தர வேண்டும், நாம் ஊகிக்கக் கூடாது. பெரியவர் ஒருநாள் என்னை வெள்ளைப் பலகைக்கு அழைத்துப்போய்ப் பச்சை மார்க்கரால் வட்டங்கள் போட்டார். ஓரத்து வட்டத்தை, அதாவது எதிரணியின் ஓரத்துத் தடுப்பாளனை, மட்டும் இரண்டு முறை சுற்றினார். பந்தை ஓட்டக்காரனின் வயிற்றருகே நீட்டிக்கொண்டே குவார்ட்டர்பேக் இந்த ஒருவனை மட்டும் பார்க்க வேண்டும். இவன் ஓட்டக்காரன்மேல் பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடலாம், பாயாமல் நின்றால் பந்தைக் கொடுத்துவிடலாம். அரை நொடியில் முடிவு. "பாரெட்டுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு வரும், உங்கள் ஆள் எப்போதும் தூரத்தையே பார்க்கிறான்" என்றார். நல்ல விளக்கம்தான். அந்தப் பலகையை யாரும் அழிக்கவில்லை, செப்டம்பர்வரை அப்படியே இருந்தது. ஆனால் விளக்கம் நன்றாக இருப்பதால் முடிவு சரியாகிவிடாது.

அப்போது என் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தார். நான் போனில் கத்துவதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள், "ரெண்டு பேரைப் பத்தியே பேசுறியே, மூணாவது பையன் என்னம்மா ஆனான்?" என்றார். "அவன் இந்த இடமே வேண்டாம்னுட்டு, பந்து பிடிக்கிற இடத்துக்கு மாறிட்டான் அத்தை" என்றேன். "பாவம், அவன்தான் விவரமான பையன்" என்றார். முதல் ஆட்டத்திலேயே பிராக்ஸ்டன் ஒரு சுழற்று சுழன்று 53 கஜம் ஓடி டச்டவுன் அடித்ததைப் பார்த்தபோது அத்தை சொன்னது நினைவுக்கு வந்தது.

அர்பன் மேயர், அதாவது கோச், முதல் ஆட்டம் தொடங்கும்வரை பெயரையே வெளியிடவில்லை. கார்டேல்தான் இறங்கினான். ஜெயித்தோம். ஆனால் இரண்டு வாரம் கழித்து நார்தர்ன் இல்லினாய் என்ற சின்ன அணியிடம் திணறி 20-13. கார்டேல் இரண்டு முறை எதிரணியிடம் எறிந்தான், பாரெட் உள்ளே வந்தான். அதன்பிறகு கோச் கண்டுபிடித்த ஏற்பாடுதான் என் வயிற்றெரிச்சல்: நடு மைதானத்தில் கார்டேல், எல்லைக்கு 20 கஜத்துக்குள் போனதும் பாரெட். கடைசி 20 கஜத்தில் தூரமாக எறிய இடமே இருக்காது, ஓடத் தெரிந்தவன் வேண்டும் என்பது கணக்கு. காகிதத்தில் சரிதான். ஆனால் ஒருவன் எழுபது கஜம் அணியைக் கூட்டிப்போக, முடிக்கும்போது இன்னொருவன் வந்து நின்றால், முதலாமவன் அடுத்த முறை எந்த மனதோடு எறிவான்? அக்டோபர் 24, ரட்கர்ஸ் ஆட்டத்தில் பாரெட்டே முதலில் இறங்கினான். அடுத்து அவனுக்கு ஒரு ஆட்டம் தடை விழ, மினசோட்டாவோடு திரும்பவும் கார்டேல். 28-14, கடைசியில் அவனே ஓடி டச்டவுன் போட்டான். அடுத்த வாரம் மறுபடியும் பெஞ்ச்.

பாரெட் மட்டமானவன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இதைத் தடித்த எழுத்தில் போட முடிந்தால் போட்டிருப்பேன்.

நவம்பர் 21, சனிக்கிழமை, மிச்சிகன் ஸ்டேட் ஆட்டம் (மிச்சிகன் இல்லை, இது வேறு பல்கலைக்கழகம்). மாலை மூன்றரைக்குத் தொடக்கம், மழை, காற்று. அதே மாலைதான் இங்கே ஒரு சங்கத்தின் தீபாவளி விழா. பள்ளி ஹால் ஒன்றில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, முந்தானைக்குள் போனை வைத்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு மாமா, பல வருடங்களாக இந்த ஊரில் டாக்டர், பட்டு வேட்டி, ஒரு காதில் மட்டும் ரேடியோ. மேடையில் குழந்தைகள் கோலாட்டம். மாமா என் பக்கம் சாய்ந்து, "பாரெட்டை எடுத்துட்டு அந்தப் பெரியவனை விடச் சொல்லும்மா" என்றார், என்னவோ நான் சொன்னால் மேயர் கேட்பார் என்பதுபோல. 14-14. கடைசி நொடியில் மிச்சிகன் ஸ்டேட்டின் மைக்கேல் கைகர் 41 கஜ தூரத்திலிருந்து உதைத்தான். கம்பங்களுக்கு உள்ளே, மூன்று புள்ளி. 17-14. கையைக் காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே மைதானம் முழுக்க ஓடினான், அதைப் பிற்பாடு வீடியோவில்தான் பார்த்தேன். மாமா காதிலிருந்ததைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கோலாட்டத்துக்குக் கைதட்டினார்.

தொடர்ந்து 23 ஆட்டம் ஜெயித்து வந்த அணி. அன்றைக்கு முன்னேறியது மொத்தமே 132 கஜம். எதிரணியின் முதல் குவார்ட்டர்பேக் கானர் குக் தோள் அடிபட்டு இறங்கவே இல்லை, இரண்டு மாற்றுக்காரர்களை மாற்றி மாற்றி இறக்கி நம்மை ஜெயித்துவிட்டார்கள். நம்மிடம் கோப்பை வாங்கிக் கொடுத்த ஒருவன் ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

விழாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத் தேதிகள் எப்போதோ அறிவிக்கப்படுபவை. அதையெல்லாம் பார்க்காமல் தேதி குறிப்பார்கள், கேட்டால் "அன்னைக்குத்தான் ஹால் கிடைச்சுது". சாப்பாட்டுக்குத் தனி டிக்கெட். ஏழு மணிக்கு என்று போட்டிருந்த சாப்பாடு, சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசியதில் ஒன்பதாகிவிட்டது. வரிசையில் என் முறை வரும்போது வடை இல்லை. தீர்ந்தால் பரவாயில்லை, கமிட்டிக் குடும்பங்களுக்கென்று ஒரு ட்ரே அலுமினியத் தாளில் மூடி மேசைக்கு அடியில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "அடுத்த வருஷம் நீங்களே கமிட்டிக்கு வாங்களேன் சிஸ்டர்" என்று ஒரு பதில். வடை கேட்டால் பதவி தருகிறார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை பெரியவரோடு நேருக்கு நேர். இரண்டு பேரும் கத்தவில்லை, அதுதான் ஆச்சரியம். அவர் சொன்னது ஒன்றை நானும் ஒப்புக்கொள்கிறேன், முந்தைய வருடம் தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிட்ட டாம் ஹெர்மன் ஹூஸ்டனுக்குக் கோச்சாகப் போய்விட்டார். குவார்ட்டர்பேக்குகளைத் தயார் செய்ததும் அவர்தான். அவர் இடத்தை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு நல்ல ஓட்டக்காரன் எசகியேல் எலியட்டுக்குப் பந்து கொடுத்ததே 12 முறைதான், அவனே ஆட்டம் முடிந்ததும் வெளிப்படையாகப் பொருமினான். ஆக நாங்கள் ஊர் முழுக்க இரண்டு பையன்களை நிறுத்தி வைத்து ஏலம் போட்டுக்கொண்டிருந்தபோது, ஓட்டை மேலே, கோச்சுகள் மட்டத்தில் இருந்தது. இருந்தாலும் கார்டேல் முதலில் இறங்கிய ஆட்டங்கள் 11, தோற்றது ஒன்றுகூட இல்லை. இதற்குப் பெரியவரிடமும் பதில் இல்லை.

"அலபாமாவைப் பாருங்கள்" என்று யாராவது வருவீர்கள். 2018 ஜனவரியில் அட்லாண்டாவில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 13-0 என்று பின்தங்கியிருந்தபோது அவர்களுடைய கோச் நிக் சேபன், அதுவரை ஜெயித்துக்கொண்டே வந்த ஜேலன் ஹர்ட்ஸை இடைவேளையில் உட்காரவைத்து டுவா டாகோவைலோவாவை இறக்கி, கூடுதல் நேரத்தில் 26-23 என்று கோப்பையைத் தூக்கினார். சரி. ஆனால் அங்கே காரணம் ஸ்கோர்போர்டில் இருந்தது. அதே வருடம் டிசம்பரில், அதே அட்லாண்டா மைதானத்தில், அதே ஜார்ஜியாவோடு டுவா அடிபட்டு வெளியேற, உள்ளே வந்து 35-28 என்று காப்பாற்றியது யார்? ஹர்ட்ஸ்தான். இந்த உதாரணத்தை இரண்டு கட்சியும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. 2015இல் அதே பெஞ்சில், அந்த சீசன் முழுக்க ஆடாமல் ஒரு ஒஹாயோ பையன் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டறையில் அவன் பெயரை ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. 2018இல் லூசியானாவின் எல்.எஸ்.யு.வுக்குப் போனான். 2019இல் ஹைஸ்மன், 2020 ஜனவரியில் தேசியக் கோப்பை, அதே வருட என்.எஃப்.எல். தேர்வில் முதல் ஆள். ஜோ பர்ரோ. பெரியவருக்கு இதை வாட்ஸப்பில் அனுப்பினேன், இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

வகுப்பு எதற்கு என்று கேட்ட கார்டேல் 2017இல் பட்டம் வாங்கினான், பட்டமளிப்புத் தொப்பியில் அந்தப் பழைய ட்வீட்டையே கிண்டலாக எழுதி ஒட்டிக்கொண்டு.

பின்சேர்க்கை: பாரெட் மூன்று வருடம் தொடர்ந்து கேப்டனாக இருந்தவர், அவரைக் குறைத்துப் பேசிவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 45 டச்டவுன் என்று மேலே நான்தானே எழுதினேன்? என் சண்டை அவரோடு இல்லை, அந்த 20 கஜ ஏற்பாட்டோடு. கேள்வி கேட்டவருக்கு: உங்கள் ஊர் எது, எந்த இரண்டு பையன்கள் என்று எழுதவே இல்லையே. எழுதுங்கள், யார் பக்கம் நிற்பது என்று சொல்கிறேன்.