இந்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்த அண்ணனுக்குத் திருவிருந்து (ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனை) நிறுத்தம். திரும்பச் சேர என்ன வழி?

அண்ணிக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஆலயத்தில் மறுபடி ஒரு கல்யாணம் வைத்துவிட்டால் தடை நீங்கிவிடும் என்று சபை மூப்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் செய்யாதீர்கள். குடும்பங்கள் அவசரப்பட்டுச் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

முதலில் கல்யாணம். சிறப்புத் திருமணச் சட்டம் 1954-இன்படி 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சிகள் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது முழுமையான திருமணம். ஏற்கெனவே கணவன் மனைவியாக இருப்பவர்களை 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப் பதிவேட்டில் 'மணமாகாதவர்கள்' என்று எழுதினால் அது ஆலயத்துக்குள் எழுதும் பொய். நடைமுறைத் தொல்லையும் உண்டு. இரண்டு சான்றிதழ், இரண்டு தேதி. பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் சேர்க்கும்போதும் விசா கேட்கும்போதும் எது உண்மையான தேதி என்ற கேள்வி வரும். நீங்கள் கேட்க வேண்டியது 'திருமண ஆசீர்வாத ஆராதனை'. ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டாம், திருமணப் பதிவேட்டைத் திறக்க வேண்டாம். வேதவாசிப்பு, ஜெபம், ஆசீர்வாதம், அவ்வளவுதான்.

அடுத்து ஞானஸ்நானம். அது விசுவாசத்தின் அடையாளம். கணவனின் தடையை நீக்கக் கொடுக்கும் கட்டணம் அல்ல. உங்கள் அண்ணிக்கு விருப்பமிருந்தால் வகுப்பில் சேரட்டும், பல மாதம் ஆகட்டும். விருப்பமில்லையென்றால் 1 கொரிந்தியர் 7:12-14 தெளிவாக இருக்கிறது: விசுவாசியாத மனைவி சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவளைத் தள்ளிவிடக் கூடாது. இன்னொன்றையும் யாராவது அவரிடம் சொல்லியாக வேண்டும். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானதும் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுவார். வேலையையும் படிப்பையும் பாதிக்கும் இந்த விஷயத்தை மறைத்துவிட்டுத் தண்ணீர் தெளிப்பது அநியாயம்.

"அப்படியானால் 2 கொரிந்தியர் 6:14-ஐக் கிழித்துப் போடச் சொல்கிறாயா?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. 'அவிசுவாசிகளுடன் அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதீர்கள்' என்ற அந்த எச்சரிக்கையை நான் முழுதாக நம்புகிறேன். கல்யாணத்துக்கு முன் வாலிபர் கூட்டத்தில் அதைக் கண்டிப்பாகப் போதிக்க வேண்டும். ஆனால் கல்யாணம் முடிந்த பிறகு பேசும் வசனம் 1 கொரிந்தியர் 7. மனைவியோடு வாழ்வதைப் பாவம் என்று சொல்லி ஒருவன் மனந்திரும்ப முடியாது. சபைக்குத் தெரியாமல் மறைத்தது, திடப்படுத்தலில் (சபையின் முழு உறுப்பினராகும் சடங்கில்) கொடுத்த வாக்கை லேசாக எடுத்தது, பெற்றோரிடம் பொய் சொன்னது, இவற்றில் எது உண்மையோ அதற்காக மனந்திரும்பலாம்.

இப்போது சபைக்கு எழுத வேண்டிய கடிதம். ஆயர் வாய்மொழியாகத்தான் 'திருவிருந்துக்கு வர வேண்டாம்' என்றார் என்கிறீர்கள். வாய்மொழித் தடையின் பெரிய கெடுதல், அதற்கு முடிவுத் தேதி கிடையாது. அந்த ஆயர் மாற்றலாகிப் போனால் புதியவருக்கு எதுவும் தெரியாது, ஊர் மட்டும் மறக்காது. அதனால் அண்ணன் கையாலேயே ஒரு பக்கம் எழுதட்டும். திருமணம் நடந்த தேதி, சான்றிதழ் நகல் இணைப்பு. எதற்காக வருந்துகிறார் என்று ஒரே வாக்கியம். திருவிருந்தில் மீண்டும் சேர்க்கும்படி வேண்டுகோள். அதற்குமுன் ஆயத்த வகுப்போ ஆலோசனையோ தேவையென்றால் எத்தனை வாரம் என்று தெரிவிக்கும்படி கேள்வி. எழுத்தில் பதில் வேண்டும் என்ற வரி. மனைவியின் மதத்தைப் பற்றி வாதாட வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, சபை அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சேகரக் குழு (சபை நிர்வாகக் குழு) கூடுவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். கூட்டத்தன்று கொடுத்தால் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். மாமா, சித்தப்பா வழியாகத் தூது அனுப்பாதீர்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.

சபைச் சந்தா பாக்கி இருந்தால் கடிதத்துக்கு முன்பே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். திருவிருந்துத் தடை வேறு, சந்தா பாக்கி வேறு. இரண்டையும் குழப்பி 'பாக்கிதான் காரணம்' என்று பேச்சை மாற்ற இடம் கொடுக்கக் கூடாது. பதில் வராவிட்டால் பேராயருக்கு எழுதலாம், முதல் கடித நகலோடு.

ஆராதனை நடுவில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னால், மத்தேயு 18:15-17-இன் வரிசையை மரியாதையாக நினைவூட்டுங்கள்: முதலில் தனிமையில், பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில்தான் சபை. சகோதரனை ஆதாயப்படுத்துவதே அங்கே நோக்கம். கொரிந்து சபையில் தண்டிக்கப்பட்டவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகக் கூடாது, மன்னித்துத் தேற்றுங்கள் என்று 2 கொரிந்தியர் 2-இல் பவுலே எழுதுகிறார். திரும்பி வரும் வழி சொல்லாத தண்டனையை ஒழுங்கு நடவடிக்கை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கத்தோலிக்கர் இதைப் படித்தால்: உங்களுக்கு விதி வேறு. திருச்சபை முறைப்படி நடக்காத, விதிவிலக்கும் பெறாத திருமணம் திருச்சபையின் பார்வையில் செல்லாது. பங்குத்தந்தை வழியாக உங்கள் மறைமாவட்ட ஆயர் இல்லத்தில் மதவேறுபாட்டுத் தடைக்கு விதிவிலக்கு வாங்கித் திருமணத்தைச் செல்லுபடியாக்க வேண்டும். இங்கேயும் மனைவி திருமுழுக்குப் பெறத் தேவையில்லை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வேன் என்ற வாக்குறுதி கத்தோலிக்கத் துணையுடையது. மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட்டால் போதும். அவரிடமும் கையெழுத்து வாக்குறுதி கேட்டால் அது தவறான புரிதல்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. வரதட்சணை வாங்கியதற்காகத் திருவிருந்து நிறுத்தப்பட்டவர் யாரையாவது உங்கள் சபையில் காட்ட முடியுமா? 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. நகையும் காரும் பேசி முடித்த கல்யாணத்துக்கு மூன்று வாரம் ஓலை வாசிக்கிறோம். மணமகள் தேவை விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போடுகிறோம். ஞானஸ்நானத் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்று என்றால் இதற்கும் தடை வர வேண்டாமா? பட்சபாதம் கூடாது என்று 1 தீமோத்தேயு 5:21 சொல்வது மூப்பர்கள் விஷயத்தில்தான், தெரியும். ஆனால் சபை ஒழுங்கு முழுவதற்கும் அது பொருந்தாது என்று யார் சொல்வார்கள்?

குழந்தை பிறந்தால் அதன் ஞானஸ்நானத்தை இந்தக் கடிதத்தோடு சேர்க்காதீர்கள். பெற்றோரில் ஒருவர் விசுவாசி என்றால் கேட்கலாம். அதற்குத் தனி விண்ணப்பம், ஞானப் பெற்றோர் பெயர்களோடு. அண்ணியின் சம்மதத்தை முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.