மண்வீட்டில் குடியிருக்கலாமா?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு மண்வீட்டில் தங்கி, இயற்கை நல்வாழ்வு முகாமில் கலந்துகொண்டேன். கையாலேயே குழைத்துக் கட்டிய வீடு. கைபேசி கிடையாது, ஏசி கிடையாது. காலையில் மண்குளியல், பிறகு கம்பங்கூழ், பிற்பகலில் நல்ல தூக்கம். மண் உடலின் நஞ்சை இழுத்துவிடும் என்றார்கள். கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக மனை சும்மா கிடக்கிறது. அங்கே இப்படி ஒன்று கட்டிக் குடிபோகலாமா? முன்னோர் வாழ்ந்த வாழ்க்கை அதுதானே?

வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

தூங்கினீர்கள் என்பதில் மகிழ்ச்சி. அதில் பாதிப் புண்ணியம் உங்கள் கைபேசியை வாங்கி வைத்தவருக்குச் சேரும். நஞ்சை இழுக்கிற கதையை விட்டுவிடுங்கள். அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. குளிர்ச்சி மட்டும் உண்மை. ஒன்றரை அடி மண்சுவரைப் பகல் வெயில் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காற்றின் ஈரத்தையும் அந்தச் சுவர் கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு, வறண்ட நேரத்தில் விட்டுக்கொடுக்கும்.

உங்கள் முன்னோர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் என்றால், அவர்கள் வளவும் (உள்முற்றம்) பட்டாலையும் (உயர்த்திய கூடம்) வைத்து, பர்மா தேக்கில் தூண் நிறுத்தி, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்ந்த சுண்ணாம்பு பூசி வாழ்ந்தவர்கள். மண்வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்தச் சுவர்களுக்குக் கல் சுமந்தவர்களும் வயலில் இறங்கியவர்களும்தான்.

அவர்களுக்கு அந்த வீடு ஓயாத வேலை. ஐப்பசிச் சாரலில் சுவரின் அடிப்பாகம் கரைந்து, உள்ளே இருக்கும் வைக்கோல் துரும்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மழை ஓய்ந்ததும் வீட்டுப் பெண்கள் செம்மண்ணை மிதித்துக் குழைத்து, பறிந்த இடத்தில் அப்பி, உள்ளங்கையால் நீவிவிடுவார்கள். தரைக்குச் சாண மெழுக்கு வேறு. காய்ந்த பிறகும் விரல் தடம் வளைவு வளைவாகத் தெரியும். நீங்கள் தங்கிய வீட்டுத் தரையிலும் அது தெரிந்திருக்கும். யாருடைய கை அது, அவருக்கு என்ன கூலி என்று விசாரித்தீர்களா? நீங்கள் கொடுத்த வாடகையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஆசை.

அந்த வீடுகளில் இருப்பவர்கள் வெளியேறத்தான் மனுவோடு அலைகிறார்கள். குடிசைகளுக்குப் பதிலாகக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்ட வேண்டும் என்று 2024இல் தமிழக அரசு இலக்கு வைத்தது. 2024-25ஆம் ஆண்டில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். சித்திரை இரவில் கான்கிரீட் கூரைக்குக் கீழே படுப்பது கொடுமைதான். ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மழைக்காலம் தோறும் மண்சுவர் இடிந்து ஆள் செத்த செய்தியைப் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

நீங்கள் கட்டலாம். கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, செம்புராங்கல்லில் போட்டு, தரைக்கு மேலும் இரண்டு அடிக்குக் கல்லையே ஏற்றுங்கள். இறவாரம், அதாவது கூரையின் விளிம்பு, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீளட்டும். சுவரைக் காப்பது அதுதான். சுவரில் ஒரு மண் அடுக்கு காயாமல் அடுத்த அடுக்கு வைக்க விடாதீர்கள். சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் கொத்தனார் கடைசியில் சிமென்ட் பூசலாம் என்பார். வேண்டாம். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, ஒருநாள் பூச்சு மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு பூசுங்கள், இல்லையென்றால் மண்ணையே பூசுங்கள்.

மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து வந்து போகிற எண்ணம் என்றால் மட்டும் இதில் இறங்காதீர்கள். பூட்டிக் கிடக்கும் மண்வீட்டைக் கறையான் விடாது. குடியே வருவதென்றால், தை பிறந்ததும் வேலையைத் தொடங்கி ஆடிக்குள் கூரையைப் போட்டுவிடுங்கள். வருடா வருடம் மண் பூச வரப்போகும் அம்மாளிடம் கூலியை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.