வீட்டில் பூனையும் நாயும் இருக்கின்றன, கிறிஸ்துமஸ் கள்ளி வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். தட்டைத் தட்டையாகக் கணு விட்டுத் தொங்கி, நுனியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் அந்தச் செடி பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லை. அமெரிக்க விலங்கு நல அமைப்பான ஏஎஸ்பிசிஏவின் பட்டியலிலும் நஞ்சற்றது என்றுதான் இருக்கிறது. நிறைய மென்று தின்றால் வாந்தியோ பேதியோ வரலாம். பெரும்பாலும் பூனை பிழைத்துக்கொள்ளும், செடிதான் மொட்டையாகும்.

நம் பக்கத்தில் பயம் வருவது வேலியோரத் திருகுகள்ளியால். அதை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் எரிச்சல் உயிர் போகும், நாய் கடித்தால் வாய் புண்ணாகும். கிறிஸ்துமஸ் கள்ளி அந்தக் குடும்பமே இல்லை. பிரேசிலின் தென்கிழக்குக் கடலோர மலைக்காடுகளில் மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் வளர்கிற செடி. கணுவைக் கிள்ளினால் கொழகொழவென்று நீர்தான் வரும்.

அதற்காகப் பால் வராததெல்லாம் நல்ல செடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நர்சரியில் இதற்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் கலஞ்சோ செடி இதயத்தைத் தாக்கும். வாசல் அரளி இன்னும் மோசம். லில்லிப் பூங்கொத்து வீட்டுக்கு வந்தால் பூனையை அண்டவிடாதீர்கள், மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

என்னைக் கேட்டால் செடியைவிடத் தொட்டியைத்தான் கவனிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது வழக்கம். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலும் அம்மா அதைத்தான் செய்வார். வாடை பிடித்த பூனை தொட்டியைப் பறித்துப் போட்டு, வேரை வெளியே இழுத்து, மண்ணையும் நக்கும். எலும்புத் தூள் உரம் போட்டால் நாய்க்கும் அதே ஆசை. அந்த மண்ணில் பூச்சி மருந்துக் குருணையும் கிடந்தால் அதுதான் நிஜமான ஆபத்து. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறீர்களா? உரம் கரைந்த நீரை நாய் குடிக்கும் முன் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், இந்தச் செடிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. போர் தண்ணீரை விட்டுவிட்டு மழைநீரோ குடிதண்ணீரோ ஊற்றுங்கள். உப்புக்காற்று நேராக அடிக்காத ஜன்னலோரம், பூனை தாவ முடியாத உயரத்தில் தொங்கவிடுங்கள். திண்ணையில் வேண்டாம், ஆடு விட்டுவைக்காது.

பூக்கத்தான் நம் ஊரில் கொஞ்சம் பாடு. மொட்டு வைக்க ஆறேழு வாரம் நீண்ட இருட்டு இரவும், கொஞ்சம் குளிர்ச்சியும் வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் சாயங்காலத்துக்கு மேல் விளக்குப் போடாத அறைக்கு மாற்றிவிடுங்கள். டிவி ஓடும் ஹாலில் வைத்தால் இலை மட்டும்தான் மிஞ்சும்.